கொலோன் கோபுரத்தில் பார்க்க ஒன்றுமில்லையாம்

அந்தத் தம்பியின் காணொளியை நேற்றிலிருந்து எத்தனை பேர்தான் எனக்கு அனுப்புவீர்கள்! சரி, கடைசிவரை பார்த்துவிட்டேன். ஜெர்மனியில் இருக்கும் கொலோன் பேராலயத்தின் 533 படிகளையும் ஏறி, மேலே கம்பி வலைக்கு முன்னால் நின்று அவர் சொன்ன தீர்ப்பு: "ஊர் வடிவே இல்லை. எல்லாம் பெட்டி பெட்டியாய்க் கட்டடம். காசு வீண், ஒருத்தரும் ஏறாதீங்கோ." கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். போட்டவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏறுவது கஷ்டம் என்று சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். லிஃப்ட் கிடையாது. ஒடுக்கமான சுழல்படியில் இறங்கி வருகிறவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவே கிடைக்காது, அது நியாயமான குறை. ஆனால் ஊர் வடிவில்லை என்பது வேறு கதை.

ஏன் பெட்டி பெட்டியாய் இருக்கிறது என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருக்கலாமே. 1942 மே 30 இரவு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் குண்டுபோட அனுப்பப்பட்ட ஊர் அது. இரண்டாம் உலகப் போரில் மொத்தம் 262 வான் தாக்குதல்கள். பழைய நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. பேராலயத்திலும் 14 பெரிய குண்டுகள் விழுந்தன. கூரைச்சட்டம் இரும்பில் இருந்ததால் எரிந்து விழாமல் தப்பியது. 1943இல் வடக்குக் கோபுரத்தைத் தாங்கும் தூண் பிளந்தபோது, அவசரத்துக்குச் செங்கல்லை அடுக்கி அடைத்தார்கள். பேராலயமே செங்கல் ஒட்டுப்போட்டு நின்ற காலத்தில், நிலவறைகளிலிருந்து வெளியே வந்த சனம் வடிவு பார்த்தா வீடு கட்டும்? குளிருக்கு முதல் ஒரு கூரை வேண்டும் என்றுதான் கட்டினார்கள். நீங்கள் மேலே நின்று பார்த்தது அந்தக் கூரைகளை, தம்பி.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். வேண்டாம் என்றுதான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. இடையிடையே நின்று நின்று ஏறினார். மேலே போனதும் வலைக்குள் விரலைக் கோத்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. நான் ரைன் ஆற்றையும் இரும்புப் பாலத்தையும் காட்டினால், அவருடைய கண் வீட்டுக் கூரைகளிலேயே நின்றது.

"இவ்வளவும் இடிஞ்சு கிடந்ததோ?"

"ஓம் அப்பா." ஆற்றங்கரையில் நிற்கும் பெரிய சங்க்ட் மார்ட்டின் தேவாலயத்தைக் காட்டி, அது மறுபடி திறந்தது 1985இல்தான் என்றேன்.

"நாப்பது வருசமோ," என்றார். அப்புறம் கொஞ்சம் கழித்து, "எங்கடை வீட்டையும் வடிவில்லை எண்டுதானே சொன்னவை."

விஷயம் இதுதான். 1995இல் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த பிறகு, அப்பா ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் மிஞ்சியது கிணறும் ஒரு பக்கச் சுவரும். கையில் இருந்த காசுக்குச் சீமெந்துக் கல்லை வைத்து இரண்டு அறை எழுப்பினார். பிறகு வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் முற்றத்தில் நின்று, "பழைய நாற்சார் வீட்டின்ரை களை இல்லை, கடை மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறியள்" என்றார். அப்பா அதை இன்றுவரை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

இப்போது சிலர் வருவார்கள் என்று தெரியும். "ஆற்றுக்கு அந்தப் பக்கம் டொய்ட்ஸில் கொலோன் ட்ரையாங்கிள் என்ற உயரக் கட்டடம் இருக்கிறது, லிஃப்ட்டில் போகலாம், பேராலயமும் படத்தில் விழும்." போங்கள், எடுங்கள், படம் நன்றாகவே வரும். ஆனால் அந்தக் கரையில் உயரக் கட்டடங்கள் எழும்பப் போனதால்தான் 2004இல் யுனெஸ்கோ இந்தப் பேராலயத்தை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. திட்டங்களின் உயரத்தைக் குறைத்த பிறகுதான் 2006இல் எடுத்தது. இந்த ஊரில் எதற்கு முன்னால் எது எழும்பலாம் என்பது பெரிய சர்ச்சையாக இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட காட்சியை "ஒன்றுமில்லை" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

வேறு சிலர், "உனக்கேன் தேவாலயத்தில் இவ்வளவு அக்கறை?" என்பார்கள். நான் சைவக்காரன். வெள்ளிக்கிழமை மரக்கறிதான். இதில் மதம் எங்கே வருகிறது?

வலையைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் பார்த்தால் தென்கிழக்கில் மலைத்தொடர் ஒன்று தெரியும். தெளிந்த நாளாக இருக்க வேண்டும். அங்கே டிராகன்ஃபெல்ஸ் குன்றில் வெட்டிய கல்லை ரைன் வழியே இறக்கித்தான் 1248இல் தொடங்கிய இந்த ஆலயத்தைக் கட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டில் வேலை நின்றுபோனது. இந்தத் தெற்குக் கோபுரம் பாதியில் நிற்க, அதன் தலையில் மரத்தாலான பாரந்தூக்கி ஒன்று முந்நூறு வருடத்துக்கும் மேல் அப்படியே கிடந்தது. 1842இல் மறுபடி தொடங்கி 1880இல்தான் முடித்தார்கள். அரைகுறைக் கோபுரத்தைப் பார்த்து, வடிவில்லை என்று இந்த ஊர்ச் சனம் கைகழுவியிருந்தால் அந்தத் தம்பி ஏறுவதற்குப் படியே இருந்திருக்காது.

கருத்துச் சொல்ல அவருக்கு உரிமை இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. அகதியாக வந்த எங்களை வைத்துக்கொண்ட ஊரைப் பற்றிக் கதைக்கும்போது கொஞ்சம் யோசிக்கச் சொல்ல எனக்கும் இருக்கிறது. இடிந்த ஊரிலிருந்து வந்தவர்களின் பிள்ளை, இடிந்து எழும்பிய ஊரைப் பார்த்து வடிவில்லை என்கிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன்.

தம்பி, படி கஷ்டம், வலை மறைக்கிறது, வயதானவர்கள் யோசித்து ஏறுங்கள் என்று இன்னொரு காணொளி போடுங்கள். நானே பகிர்கிறேன். ஊரைப் பற்றிச் சொன்ன அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள். சிரிப்புக் குறி போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை. அடுத்த கலியாண வீட்டில் சந்திக்கும்போது நேரிலேயே கேட்பேன்.