தீயணைப்பு வண்டியில் இருப்பது 4,500 லிட்டர்தான்

"தண்ணி இல்லாம வண்டி வந்துச்சு." கிராமத்தில் குடிசையோ வைக்கோல் போரோ எரிந்த செய்தி எதைத் திறந்தாலும் கீழே இந்தக் கமெண்ட் இருக்கும். சில ஊர்களில் வண்டியை மறித்துச் சண்டை போடும் அளவுக்கும் போகிறது. வீடு எரிந்தவரின் ஆத்திரம் நியாயமானது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் தவறு என்பதை உறுதியாகச் சொல்கிறேன். கணக்கைப் பாருங்கள்.

நம் நிலையங்களில் இருக்கும் வழக்கமான தீயணைப்பு வண்டியில் ஏறக்குறைய 4,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு ஹோஸில் நாசிலைப் பொறுத்து நிமிடத்துக்கு 300 முதல் 500 லிட்டர் வரை போகும். நானூறு என்று வைத்துக்கொண்டால் ஒரு ஹோஸுக்குப் பதினோரு நிமிடம் வரும். இரண்டு ஹோஸ் பிடித்தால் ஆறு நிமிடம்கூட வராது. ஆறாவது நிமிடம் வந்து நிற்பவர் கண்ணுக்கு வண்டி காலியாகத்தான் தெரியும். நிரம்பி வந்தது, தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய டேங்க் வைக்கலாமே என்று கேட்கலாம். தண்ணீர் மட்டுமே நாலரை டன். வண்டியோடு சேர்த்தால் பத்து டன்னைத் தாண்டும். ஊருக்குள் இருக்கும் சிறுபாலமும் சாக்கடை மேல் போட்ட சிலாப்பும் இந்த எடையையே தாங்குமா என்று டிரைவர் யோசித்துத்தான் ஏற்றுகிறார்.

அப்படியானால் ஏழாவது நிமிடத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும்? தீயணைப்பில் பாதி வேலை இந்தக் கேள்விதான். பக்கத்தில் கிணறு இருக்கிறது, உறிஞ்ச வேண்டியதுதானே என்பார்கள். மேலே நின்று உறிஞ்சும் பம்ப் எதுவானாலும், காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும் உயரத்துக்கு எல்லை உண்டு. ஏட்டுக் கணக்குக்குப் பத்து மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டர், அதாவது 23 அடி. சித்திரை மாதம் நம் கிணறுகளில் தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே கிடக்கும். வண்டியின் பம்ப் அங்கே எதுவும் செய்ய முடியாது. ஏரியிலும் கரையை ஒட்டி வண்டி நிற்க இடமிருந்தால்தான் உறிஞ்ச முடியும்.

அங்கே உதவுவது, கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்து அடியிலிருந்து தண்ணீரை மேலே தள்ளும் ஊர்க்காரரின் மோட்டார்தான். 5 எச்.பி. பம்ப்செட் ஆழத்தைப் பொறுத்து நிமிடத்துக்கு 300 முதல் 600 லிட்டர் கொடுக்கும். எட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் வண்டி நிரம்பிவிடும். ஆனால் தீப்பிடித்ததும் ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துகிறோம். நிறுத்தத்தான் வேண்டும், ஈரத் தரையில் அறுந்த கம்பி கிடந்தால் ஆள் உயிர் போகும். எனவே மின்வாரியத்திடம் பேசும்போதே (மின்னகம் 94987 94987) எரியும் தெருவின் லைனை நிறுத்தவும், முடிந்தால் வயல்பக்க லைனை விட்டுவைக்கவும் கேளுங்கள். தண்ணீர் டிராக்டர் வைத்திருப்பவருக்கும் அதே நேரத்தில் ஒருவர் போன் போட வேண்டும்.

இன்னொரு சண்டை, "என் வீடு எரியுது, பக்கத்து வீட்டுக்கு அடிக்கிறான்." கீற்றுக் கூரை முழுதாகப் பிடித்துக்கொண்டால் அதைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. காற்றடிக்கும் திசையில் இருக்கும் அடுத்த கூரையை நனைத்தால் மிச்சத் தெருவாவது நிற்கும். அந்த வேகம் தெரியாதவர்கள் 2004 ஜூலை 16-ஐ நினைத்துப் பார்க்கட்டும். கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்தில் பற்றியது கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. உள்ளே ஆள் இருந்தால் மட்டும் வரிசை மாறும், அப்போது முதல் ஹோஸ் அந்த வாசலுக்குத்தான். அதனால் வண்டி நின்றதும் சொல்ல வேண்டிய முதல் தகவல் "உள்ளே யாரும் இல்லை" அல்லது "பின்னறையில் பாட்டி இருக்கிறார்". இரண்டாவது, சிலிண்டர் எத்தனை, எங்கே. நெருப்பில் சூடாகும் சிலிண்டர் வெடித்தால் ஹோஸ் பிடிப்பவர்தான் முதல் பலி.

வைக்கோல் போர் வேறு ரகம். மேலே எத்தனை லிட்டர் ஊற்றினாலும் உள்ளே கங்கு அப்படியே இருக்கும். இறுகிய வைக்கோலுக்குள் தண்ணீர் இறங்காது. ஜே.சி.பி. வைத்துப் பிரித்துப் பரப்பி நனைத்தால்தான் அடங்கும். வண்டி போன மூன்று மணி நேரத்தில் மறுபடி எரிவதற்குக் காரணம் இதுதான்.

தீயைவிட எனக்கு அதிக வேதனை தருவது கிணறும் செப்டிக் டேங்கும். ஒருவர் மயங்கி விழுகிறார், காப்பாற்ற அண்ணன் இறங்குகிறார், அவரைத் தேடி மூன்றாமவர். வருடாவருடம் இதே செய்தி. செப்டிக் டேங்கில் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. செறிவு கூடினால் மூக்குக்கு வாடையே தெரியாமல் போய் இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். கிணற்றுக்குள் ஆயில் இன்ஜினை இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நிறையும். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையவில்லை, இறங்கலாம் என்ற பழைய வழக்கம் இங்கே ஆளைக் கொல்லும். ஆக்சிஜன் குறைந்தால்தான் விளக்கு அணையும். கார்பன் மோனாக்சைடு நிறைந்த கிணற்றில் அது நன்றாகவே எரியும். செப்டிக் டேங்கில் மீத்தேன் இருந்தால் வெடித்தே விடும்.

தீயணைப்பு வீரர் முதுகில் காற்று சிலிண்டர் இல்லாமல் இறங்கமாட்டார். ஆறு லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் 1,800 லிட்டர் காற்று. கடும் வேலையில் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் கணக்குக்கு 45 நிமிடம், கையில் கிடைப்பது முப்பது சொச்சம். காற்று குறைந்ததும் சிலிண்டரோடு இருக்கும் விசில் அடிக்கும், அடித்தால் மேலே வந்தே ஆக வேண்டும். அவர் மாஸ்க் மாட்டிச் சரிபார்க்கும் ஒரு நிமிடத்தை "வேடிக்கை பார்க்கிறான்" என்று வீடியோ எடுத்துப் போடாதீர்கள். நிலையத்திலிருந்து ஆள் வருவதற்குள் நீங்கள் செய்யக்கூடியது: மேலிருந்து புளோயரில் காற்றடிப்பது, விழுந்தவருக்கு நினைவிருந்தால் சுருக்கிட்ட கயிறு இறக்குவது. யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

101-ஐயோ 112-ஐயோ கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது. கிராமத்தின் பேரோடு ஒன்றியத்தின் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே பேரில் மாவட்டத்துக்கு நாலு ஊர் இருக்கிறது. மெயின் ரோட்டில் பைக்கோடு ஒருவரை நிறுத்துங்கள்.

தண்ணீருக்கு நிலையான வழி ஊராட்சியின் கையில்தான் இருக்கிறது. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று ஆறு வண்டிக்கு மேல் நிரப்பும். அதன் அடியில் தனி வால்வும், தீயணைப்பு ஹோஸ் மாட்டும் 63 மில்லிமீட்டர் கப்ளிங்கும் வைத்துவிட்டால் மோட்டாருக்கும் கரண்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வைக்கும் முன் உங்கள் நிலைய அலுவலரைக் கூப்பிட்டு அளவு காட்டுங்கள், கப்ளிங் பொருந்தாவிட்டால் போட்ட காசு வீண். வால்வு சாவி தொட்டி ஆபரேட்டரிடம் ஒன்று, தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கட்டும். மே 1 கிராம சபையில் பேசினால் கோடை பாதி போயிருக்கும். ஜனவரி 26 கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.