பக் குட்டி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு

எங்கள் வீட்டுப் பக் நாய் அம்மணியின் படத்தை எப்போது முகநூலில் போட்டாலும் உட்பெட்டியில் வந்து விழும் முதல் கேள்வி, “குட்டி எங்கே கிடைக்கும், என்ன விலை?” என்பதுதான். அம்மணி விலைக்கு வந்தவள் அல்ல என்று பதிவிலேயே எழுதியிருப்பேன். அதை யாரும் படிப்பதில்லை. உருண்டைக் கண், சுருங்கிய நெற்றி, சுருட்டிய வால், அவ்வளவுதான் கண்ணில் படுகிறது. அதனால் இதை நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

பக் இந்த ஊருக்கு ஏற்ற நாய் அல்ல. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. 2003இல் ஹட்ச் என்ற கைபேசிச் சேவை நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரம் வந்தது நினைவிருக்கும்: ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே ஓடும் ஒரு பக். 2007இல் நிறுவனத்தின் பெயர் வோடஃபோன் என்று மாறியது, நாய் மாறவில்லை. அதுவரை நாய் என்றால் பொமரேனியன், அல்சேஷன், இல்லாவிட்டால் தெருநாய் என்று இருந்த நம் வீடுகளில் “அந்த விளம்பர நாய்தான் வேண்டும்” என்று பிள்ளைகள் அடம்பிடித்த காலம் அது. இன்றும் அம்மணியை நடத்திக்கொண்டு போனால் தெருவில் அவளுக்குப் பெயர் ‘வோடஃபோன் நாய்’தான். இளநீர்க் கடைக்காரர் அப்படித்தான் கூப்பிடுகிறார், அவளும் வாலாட்டுகிறாள்.

அந்த முகத்தைப் பார்த்து நமக்கு வரும் கொஞ்சலுக்கு விலை கொடுப்பது அதன் மூச்சு. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும். பக்கின் மண்டை ஓட்டைத் தலைமுறை தலைமுறையாகக் குறுக்கிக்கொண்டே வந்தவர்கள், உள்ளே இருக்கும் சதையைக் குறைக்கவில்லை. நீண்ட முகத்துக்கு உரிய மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்கத்து மென்சதை, இந்தக் குட்டை முகத்துக்குள் மடங்கித் தொண்டையை அடைக்கிறது. மூக்குத் துவாரமோ ஒரு கீறல் அளவுதான். லண்டனிலுள்ள ராயல் கால்நடைக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2022இல் பிரிட்டனில் வளரும் பக்குகளை மற்ற நாய்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த மூச்சடைப்பு நோய் பக்குகளுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 54 மடங்கு என்று கண்டார்கள். உடல்நலத்தை வைத்துப் பார்த்தால் பக்கை இனிமேல் வழக்கமான நாயாகவே கருத முடியாது என்றும் சொன்னார்கள். பிரிட்டனின் குளிரிலேயே இந்த நிலை என்றால் நம் கத்திரி வெயிலில் என்ன ஆகும்?

“அதன் பிறவியே அப்படித்தானே” என்பார்கள். இல்லை. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் தன்னையும் தன் பக்கையும் சேர்த்து வரைந்த ஓவியம் லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். அந்த நாய்க்கு மூக்கு இருக்கிறது! இப்போது நாம் பார்க்கும் தட்டை முகம் பிற்காலத்து மனிதர்களின் ரசனை.

தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று 11 அயல்நாட்டு இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை சொன்னது. அந்தப் பட்டியலில் பக்கும் இருந்தது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் கொள்கையில் மற்ற குறைகள் இருக்கலாம், அதை விவரம் தெரிந்தவர்கள் பேசட்டும். பக்கைச் சேர்த்ததில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை.

சரி, அம்மணி எப்படி வந்தாள்? புறநகரில் ஏரிக்கரை ஓரமாக யாரோ இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்போதே ஆறேழு வயது இருக்கும் என்றார் மருத்துவர். காம்புகள் தொங்கிப்போய், வயிற்றில் பழைய அறுவை சிகிச்சைத் தழும்பு. குட்டி போட்டுப் போட்டு ஓய்ந்த உடம்பு. பக் குட்டியின் தலை பெரியது, தாயின் இடுப்பு சிறியது, ஆகவே வயிற்றைக் கிழித்துக் குட்டி எடுப்பது இந்த இனத்தில் அடிக்கடி நடப்பது. 2017இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, ஒரு தாய் நாய் வாழ்நாளில் இத்தனை ஈற்றுக்கு மேல் போகக் கூடாது. விதி தாளில் இருக்கிறது. அம்மணி ஏரிக்கரையில் கிடந்தாள்.

கைவிட்டவருக்கு என்ன தண்டனை என்று கேட்காதீர்கள், வயிறு எரியும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறை என்றால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. இன்று அந்தப் பணத்துக்கு ஒரு இளநீர்கூட நிச்சயம் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மாடிப்படி என்றால் என்னவென்று தெரியவில்லை. கீழ்ப்படியில் முன்னங்காலை வைப்பாள், எடுப்பாள், எங்களைப் பார்ப்பாள். புல்தரையில் விட்டால் அசையாமல் நிற்பாள். கம்பிக் கூண்டின் தரையைத் தவிர எதையும் மிதித்திராத கால்கள் என்று நாய் மீட்புக் குழுவில் ஒரு பெண் சொன்னார். என் மாமியார் நாயென்றால் வாசலோடு என்று இருந்தவர். “குட்டி போட்ட உடம்பு, குளிர்ந்த தரையில் படுக்கக் கூடாது” என்று தன் பழைய நூல் புடவையை நாலாக மடித்துப் போட்டவர் அவர்தான். அம்மணி என்ற பெயரும் அவர் வைத்ததே.

அழகான கதையாக இருக்கிறது அல்லவா? இத்தோடு நிறுத்தினால் இன்னும் பத்துப் பேர் குட்டி கேட்பார்கள். மிச்சத்தையும் சொல்கிறேன்.

மூக்குக்கு மேலே இருக்கும் தோல் மடிப்பைத் தினமும் விரித்துத் துடைக்க வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் அதை விரித்தபோது பழுப்பு நிறத்தில் பசை போல ஒன்று பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது, அதன் நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. இப்போது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறோம். கண் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் செடியின் முள் பட்டாலே புண்ணாகிவிடும். கழுத்துப் பட்டை கூடாது, மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டைதான். உண்ணிக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் மாத்திரை விழுங்கியது தனிக் கதை.

பிறகு மூச்சு. வந்த முதல் கோடையிலேயே மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும் மெல்லண்ணத்தைக் கொஞ்சம் வெட்டவும் அறுவை சிகிச்சை வேண்டியிருந்தது. என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிற்று. பக் வகை நாய்க்கு மயக்கம் கொடுப்பதைவிட மயக்கம் தெளியும் நேரம்தான் ஆபத்து என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். தொண்டையில் இருந்த குழாயை அவளே மென்று துப்பப் பார்க்கும் அளவுக்கு விழித்த பிறகுதான் அதை எடுத்தார்கள். அதுவரை நானும் கணவரும் வெளியே பெஞ்சில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். இப்போது பரவாயில்லை. ஆனாலும் சித்திரை, வைகாசியில் சூரியன் வருவதற்கு முன் ஒரு நடை, இரவில் தார்ச்சாலை ஆறிய பிறகு ஒரு நடை. நடுவில் மின்சாரம் போனால் வீடே பதறுகிறது. எடை ஏறினால் மூச்சு இன்னும் மோசமாகும் என்பதால் தயிர்ச்சாதத்தை அளந்து போட வேண்டும். அந்த அளவை மாமியாரிடமிருந்து காப்பாற்றுவது என் தினசரிப் போராட்டம்.

“இவ்வளவு சொல்கிற நீ மட்டும் வளர்க்கலாமா?” நண்பர் ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. குட்டி வாங்க நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த ஈற்றுக்கு முன்பணம். ஒரு குட்டி விற்றுப்போனால் கூண்டில் இருக்கும் தாய் இன்னொரு முறை சினையாக்கப்படுவாள். அம்மணிக்காக நாங்கள் யாருக்கும் காசு கொடுக்கவில்லை, வந்த கையோடு கருத்தடையும் செய்தாயிற்று. அவளோடு அந்தச் சங்கிலி முடிந்தது. விலைக்கு வாங்குவதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

தத்து எடுக்கப் போனாலும் மீட்புக் குழுவினர் வாசலில் நிற்கவைத்துக் குட்டியைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பெண் பார்க்க வரும் சம்பந்தி வீட்டாரைப் போல வீட்டையே சுற்றிப் பார்ப்பார்கள். வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, பகலில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். இதில் கோபித்துக்கொண்டு, “கடையில் காசு கொடுத்தால் கேள்வி கேட்காமல் தருகிறார்கள்” என்று போனவர்களை எனக்குத் தெரியும். கேள்வி கேட்காமல் கொடுத்த கடைகளால்தான் ஏரிக்கரைகளில் நாய்கள் கிடக்கின்றன. இன்னொன்று, குடும்பத்தில் ஒருவர் முகம் சுளித்தாலும் எடுக்காதீர்கள். பிள்ளை கேட்டது என்பதற்காகவும் வேண்டாம். தேர்வுக் காலம் வந்ததும் நாயை நடத்திக்கொண்டு போகப் போவது நீங்கள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், மீட்புக் குழுக்களில் தெரிந்தவர்களிடம் சேர்த்துவிடுகிறேன். ஆனால் குட்டி கேட்காதீர்கள். மூன்று மாதக் குட்டி என்று அறிவிப்பு வந்தால் அவர்களுடைய கைபேசி ஓய்வதில்லை. ‘எட்டு வயது, பெண், ஒரு கண் பார்வை இல்லை, கருத்தடை செய்யப்பட்டது’ என்று போன மாதம் ஒரு பக்கின் படம் போட்டார்கள். நேற்று விசாரித்தேன், இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள்.