ஒரே இசைத்தட்டை எத்தனை தரம்தான் வாங்குவீர்கள்?

போன சனிக்கிழமை பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் நடந்ததைச் சொன்னால்தான் என் கொதிப்பு உங்களுக்கு விளங்கும்.

நாங்கள் நாலு பேர். மட்டக்களப்பையும் கல்முனையையும் சேர்த்துச் சல்லடை போட்டாலும் ஜாஸ் என்றதும் முகம் மலர்கிற ஆட்கள் இவ்வளவு பேர்தான் தேறுவார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், எல்லோருக்கும் ஸேர். ஒருவர் டச்பார்ப் பக்கத்து அங்கிள், ஐரோப்பிய வழி வந்த பறங்கியர், வயலினும் பைலாவும் கேட்டு வளர்ந்தவர். மூன்றாவது ஆள் கல்முனையிலிருந்து மோட்டர் சைக்கிளில் வருகிற மச்சான். மிச்சம் நான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கூடுவோம். புது அல்பம் என்ன வந்தது, பழசில் எது திரும்ப வருகிறது என்பதுதான் கதை. கூடவே கடலையும் பிளேன்டீயும்.

அன்றைக்கு நான் ஒரு சின்ன ஸ்பீக்கரை நிறையச் சார்ஜ் ஏற்றி, விஜய் ஐயரின் 'கம்பேஷன்' அல்பத்தைப் போனில் இறக்கிக்கொண்டு போனேன். 2024 இல் வந்தது. வந்த நாளிலிருந்து "கேப்பம், கேப்பம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். மூன்றே பேர் வாசிக்கிறார்கள்: பியானோவில் ஐயர், பேஸில் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸில் டைஷான் சோரி. அதிலே அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் பாட்டு ஒன்றை எடுத்து அவிழ்த்துக் கட்டுகிற ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் இவர்கள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எனக்கு ஆசை. தமிழ்த் தாய் தகப்பனுக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளை, இன்றைக்கு ஜாஸ் பியானோவில் முன்வரிசையில் நிற்கிற ஆள். ஊரில் நாலு பேருக்காவது தெரிய வேண்டாமா?

ஸ்டீவி வொண்டர் வரைக்கும் நாங்கள் போகவேயில்லை. மூன்று நிமிடம் கூட ஆகியிருக்காது. மச்சான் குனிந்து கேட்டார்: "மச்சான், இது தட்டாவும் வந்திருக்கா? எத்தன கிராம்?"

தட்டின் எடை எத்தனை கிராமா? பாரை மீனா வாங்கப் போகிறோம்?

"மறுகா கேப்பம் மச்சான்" என்று, அதாவது பிறகு கேட்போம் என்று சொல்லி, அவரே ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார். குறைத்துவிட்டு, தான் புதிதாக எடுப்பித்த தட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். என்ன தட்டு? ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ'. 1959 ஆம் ஆண்டு வெளிவந்த அல்பம். மச்சானிடம் இது நாலாவது பிரதி. நாலாவது! ஐந்தே ஐந்து உருப்படி, முக்கால் மணித்தியாலம் ஓடும். அதை நாலு விதமாக வைத்திருக்கிறார். ஒன்று கனம் கூட, ஒன்று உறை தடிப்பு, ஒன்று ஒற்றை ஒலித்தட மொனோ, இப்போது வந்தது ஏதோ புதிதாகப் பள்ளம் வெட்டியதாம்.

அந்த அல்பத்தை நான் குறை சொல்லவில்லை. சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அதைக் கேட்டுத்தான் நானே இந்தப் பைத்தியத்துக்குள் வந்தேன். அதில் உண்மையாகவே ஒரு சங்கதி இருக்கிறது, அதற்காக ஒரு தரம் திரும்ப வாங்கினால் நியாயம். 1959 மார்ச் 2 ஆம் திகதி நியூயோர்க்கில் ஒலிப்பதிவு நடந்தபோது மூல நாடா ஓடிய இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும்தானே? தட்டின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படியும் முப்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க ஒரு பொட்டுச் சுருதி ஏறித்தான் ஒலித்தன. அதோடு சேர்த்து வாசித்துப் பழகிய பிள்ளைகள் தங்கள் வாத்தியத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்திருப்பார்கள், பாவம். 1992 இல்தான், அதே நாள் சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு நாடாவை எடுத்து அதைத் திருத்தினார்கள். சரி, அப்படித் திருத்திய ஒன்றை வாங்குங்கள். வாங்கி முடிந்ததல்லவா? அப்புறம் ஏன் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது?

இதைக் கேட்டேன். வாத்தியார் என்னைப் பார்த்து, "தம்பி, உங்களுக்குக் காது இன்னும் பக்குவப்படேல்ல" என்றார்.

அங்கேதான் எனக்குப் பித்தம் தலைக்கேறியது.

காது! காதைப் பற்றி என்னிடம் கதைக்க வேண்டாம். 2022 இல் என்ன நடந்தது? மொபைல் ஃபிடெலிட்டி என்று ஒரு அமெரிக்க நிறுவனம், பழைய அல்பங்களை விலை உயர்ந்த தட்டாகப் போடுகிறவர்கள். நடுவில் கணினியே இல்லை, மூல நாடாவிலிருந்து நேரே வந்தது என்று நம்பி உலகம் முழுக்க வாங்கிக் குவித்தார்கள். டிஜிட்டல் கலந்தால் தகரம் போலக் கேட்கும், ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவோம் என்று சொன்ன அதே ஆட்கள்தான் இந்தத் தட்டுகளைத் தேன் என்றும் பால் என்றும் புகழ்ந்தார்கள். கடைசியில் பார்த்தால், பத்து வருடத்துக்கு மேலாகவே அவர்கள் பல தட்டுகளில் டிஜிட்டல் கட்டம் ஒன்றை நடுவில் வைத்திருந்திருக்கிறார்கள். ஒரு காதும் கண்டுபிடிக்கவில்லை. நிறுவனத்தாரே வாய் திறந்து ஒத்துக்கொண்ட பிறகுதான் எல்லோருக்கும் காது வலித்தது. வழக்கும் போட்டார்கள். ஸேரிடம் இதைச் சொன்னால், "அது வேற கதை" என்கிறார். எப்படி ஸேர் வேற கதை?

இந்தக் கிராம் விஷயமும் அப்படித்தான். 180 கிராம் தட்டு என்றால் பிளாஸ்டிக் கூட, அவ்வளவுதான். ஊசி ஓடுகிற பள்ளம் மெல்லிய தட்டிலும் அதேதான். நன்றாக வெட்டி நன்றாக அழுத்தியிருந்தால் 130 கிராமும் பாடும். இல்லாவிட்டால் அரைக் கிலோவில் செய்தாலும் கரகரக்கும்.

இதிலே பெரிய பகிடி என்ன தெரியுமா? மச்சானின் தட்டுச் சுழற்றியில் பெல்ட் அறுந்து ஏழு மாதம். கொழும்பில் தேடியும் அந்த அளவு கிடைக்கவில்லை. நாலாவது பிரதியை அவர் இன்னும் கேட்கவே இல்லை! உறையைப் பிரித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். அங்கிளின் மெஷின் ஓடும், ஆனால் உப்புக் காற்றில் துருப்பிடித்து, சூரன் போருக்குப் போவது போல ஒரு சத்தத்தோடுதான் ஓடும். அவர் வீட்டுத் தட்டு உறைகளில் ஆளுக்கு ஆள் வேறு வேறு நிறத்தில் பூஞ்சணம். மாரி மழைக்கு நாங்கள் எதை வைத்தாலும் பூக்கும். இந்த ஊரில் இருந்துகொண்டு, நியூயோர்க்கில் குளிரூட்டிய அறையில் கேட்கிறவனுடைய நோயை ஏன் நாம் வாங்க வேண்டும்?

காசை நினைத்தால் இன்னும் எரிகிறது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது பால்மாவுக்கு வரிசையில் நின்றோம். அந்த நாளிலும் எங்கள் கூட்டத்தில் தட்டு வாங்கும் கதை ஓயவில்லை.

என்னிலும் பிழை இருக்கிறது, மறைக்கவில்லை. 2018 இல் சக்ஸபோன் மேதை ஜோன் கோல்ட்ரேனின் தொலைந்த அல்பம் வருகிறது என்றதும் முதல் ஆளாக விழுந்தவன் நான்தான். 1963 மார்ச் 6 இல் பதிந்து, ஐம்பத்தைந்து வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. கோல்ட்ரேனின் முதல் மனைவி குடும்பத்தாரிடம் இருந்த ஒரு நாடாவால் தப்பியது. ஒரு தட்டுப் பதிப்பு, கூடிய விலையில் இரண்டு தட்டுப் பதிப்பு. நான் கூடிய விலையையே எடுத்தேன். 'இம்ப்ரெஷன்ஸ்' என்ற ஒரே உருப்படி அதில் நாலு தரம் வருகிறது. பொதி ஒரு கந்தோரில் ஆறு கிழமை கிடந்து, மூலை நசுங்கி வந்தது. அங்கிருந்த ஆள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ளுக்கு என்ன, சுவர்க் கடிகாரமா?" என்று கேட்டார். அந்த நாலையும் எத்தனை தரம் கேட்டேன்? உண்மையைச் சொன்னால் ஒரு தரம்தான்.

ஆனாலும் அது வேறு, இது வேறு. ஒருநாளும் வெளிவராத ஒன்று பெட்டியிலிருந்து எழும்பி வந்தால் அது எனக்குப் புது அல்பம்தான். ஜோன் கோல்ட்ரேனின் இரண்டாவது மனைவி அலிஸ் கோல்ட்ரேன் 1971 பெப்ரவரியில் கார்னகி மண்டபத்தில் வாசித்தது 2024 இல் முழுசாக வந்தது. அதைக் கேட்டு இரவு நித்திரை வரவில்லை. அந்த அம்மையார் குருவாகக் கொண்டு இன்னொரு அல்பத்துக்கே பெயர் வைத்த சச்சிதானந்த சுவாமி யார்? கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். அமெரிக்கா போவதற்கு முன்னம் எங்கள் திருகோணமலையில் ஆச்சிரமம் நடத்தியவர். இங்கிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு அங்கே போய்விடலாம். இதைப் பற்றி நாலு பேரும் ஒரு இரவு முழுக்கக் கதைக்கலாமே? கதைத்தோமா? "அந்தத் தட்ட எங்க வெட்டினவங்க?" என்றுதான் ஸேர் கேட்டார்.

ஏன் எப்போதும் 1959 ஐச் சுற்றியே வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கம்பனிக்கு அது லாபம். வாத்தியக்காரருக்குப் புதிதாகச் சம்பளமில்லை, ஸ்டூடியோ வாடகை இல்லை, விற்கும் என்பது முன்பே தெரியும். ஐரோப்பாவில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஒலிப்பதிவு உரிமையை 2013 இல் 50 வருடத்திலிருந்து 70 ஆக நீட்டினார்கள், ஆனால் 1962 முடியும் முன் வெளிவந்தவை அதற்குள் உரிமை முடிந்து கைநழுவிப் போய்விட்டன. ஆகவே அங்கே ஆரும் அந்தக் காலத்து ஜாஸைத் தட்டாகப் போட்டு விற்கலாம், மூல நாடா கையில் இல்லாமல், சிடியிலிருந்து எடுத்தும் போடலாம். கண்டகண்ட பெயரில் மலிவுத் தட்டுகள் குவிவது அதனால்தான். மச்சானின் மூன்றாவது பிரதி அந்த வகைதான் என்று எனக்குச் சந்தேகம். சொன்னால் சண்டை வரும், சொல்லவில்லை.

சரி, பழசுதான் வேண்டும் என்றால் எங்கள் பழசையாவது கேட்டார்களா? கொழும்பில் பிறந்த யொலாண்ட் பவன் 1962 இல் பாடகி அனி ரோஸ் விட்டுப்போன இடத்துக்குப் போய் லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அன்ட் பவன் என்று அந்த ஜாஸ் பாட்டுக் குழுவின் பெயரிலேயே ஏறியவர். அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பாடியவர். அவர்கள் பாடிய தட்டை யாராவது திரும்பப் போடச் சொல்லி எங்கள் ஆட்கள் ஒரு வரி எழுதியதுண்டா? அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் 1963 இல் இலங்கைக்கு வந்து போனார். அந்தப் பயணத்தை வைத்து அவர் செய்த அல்பத்தில் டெல்லிக்கு ஒன்று, ஆக்ராவுக்கு ஒன்று, இஸ்ஃபஹானுக்கு ஒன்று. எங்கள் நாட்டின் பெயரில் ஒன்றும் இல்லை. இதற்கல்லவா கோபப்பட வேண்டும்!

அங்கிள் ஒருவர்தான் கொஞ்சம் நியாயமாகக் கதைப்பார். அவருடைய கவலை வேறு. "மனே, எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்த ஃபாதர்மார் நியூ ஓர்லியன்ஸ் ஆக்கள். ஜாஸ் பிறந்த ஊர்! பாஸ்கட்போலக் கொண்டுவந்தாங்க, ஸ்டேடியம் கட்டினாங்க. ஒரு ட்ரம்பெட்டத் தந்திட்டுப் போயிருக்கலாமே?" என்று கேட்பார். உண்மைதான். வெபர் ஃபாதர் பெயரில் மைதானம் இருக்கிறது, அவர் பிறந்த ஊர்தான் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் பிறந்த ஊர். அதனால் சக்ஸபோன் என்று சொன்னால் இன்றைக்கும் எங்கள் ஊரில் கத்ரி கோபால்நாத்தான். அதிலும் குறையில்லை. அவரும் அமெரிக்க ஜாஸ்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து 2008 இல் ஒரு அல்பம் செய்தார்கள், இரண்டு சக்ஸபோன், ஒன்று கர்நாடகம், ஒன்று ஜாஸ். கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஆளுக்கு அதைவிட நல்ல வாசல் உண்டா? மச்சானுக்கு அனுப்பி இரண்டு வருடம். "மறுகா கேப்பம்."

கானவ்யாவின் 'டோட்டர் ஒஃப் அ டெம்பிள்' அனுப்பினேன். தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளை, கோல்ட்ரேன் இருவரின் இசையையும் எங்கள் கோயில் பாட்டின் மூச்சில் பாடுகிறாள். "மறுகா கேப்பம்." இந்த மறுகா எந்த மறுகா? சித்திரைக்கு மறுகாவா, சாவுக்கு மறுகாவா? வாசிக்கிறவன் உயிரோடு இருக்கும்போது கேளுங்கள் ஐயா. செத்து ஐம்பது வருடம் கழிந்து, 180 கிராமில், தடித்த உறையில் வந்தால்தான் காது திறக்குமா?

சனிக்கிழமை எழும்பி வந்துவிட்டேன். கடலைச் சுருளையும் விட்டுவிட்டு வந்தது இப்போது உறைக்கிறது. ஞாயிறு காலை மச்சான் போன் எடுத்து, "கோவமா மச்சான்?" என்று கேட்டார். கோபம்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுகா, "ஒரு பெல்ட் கிடைக்கும் போல, கண்டியில ஒருத்தர்ட்ட" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போவேன். ஸ்பீக்கர் என் மடியில்தான் இருக்கும், சத்தம் குறைக்கிற பொத்தானுக்கு டேப் ஒட்டிவிட்டேன். ஸ்டீவி வொண்டர் வந்து போகும் வரைக்கும் கிராம் என்ற சொல்லை வாயெடுக்கிறவர், ஸேராகவே இருந்தாலும், நாலு பேருக்கும் இறால் வடை வாங்க வேண்டும்.