பழைய ஹெலிகாப்டரின் கதையில் டிரம் உருட்டியவரும் உண்டு

பழைய ஹெலிகாப்டர்களின் பூர்வீகத்தைத் தேடி அலைகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு நண்பர், "எந்த ஹெலிகாப்டர் எந்தக் காலத்தில் எவனிடம் இருந்தால் நமக்கென்ன, இதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவன் வேலை" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் ரப்பர் காட்டுக்குள் பிறந்து வளர்ந்த ஒருவர் அப்படிச் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். நான் சொல்வது ராணுவ ஹெலிகாப்டர்களை இல்லை, அவற்றின் கதையைப் படையே எழுதி வைத்துக்கொள்ளும். தோட்டத்துக்கு மருந்து தெளித்தவை, மலைமேல் சாமான் ஏற்றியவை, முதலாளிகளையும் மந்திரிகளையும் சுமந்தவை, கடைசியில் ஏதோ ஒரு ஷெட்டின் மூலையில் இறக்கை கழற்றி வைக்கப்பட்டவை. இவற்றின் கதையைச் சொல்ல ஆள் கிடையாது. அந்த ஆர்வலர்கள் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை.

இந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை பெல் 47. மக்கள் பயன்பாட்டுக்கு என்று அமெரிக்க அரசு முதன்முதலாகச் சான்றிதழ் கொடுத்த ஹெலிகாப்டர் அதுதான், 1946 மார்ச் 8. வடிவமைத்தவர் ஆர்தர் யங். முன்னால் சோப்புக் குமிழ் போலக் கண்ணாடி, பின்னால் மூடாத கம்பிக்கூட்டு வால், பார்த்தால் மறக்க முடியாத உருவம். 1974 வரை செய்தார்கள். அமெரிக்காவில் மட்டுமில்லாமல் இத்தாலியில் அகுஸ்டா, ஜப்பானில் கவாசாகி, பிரிட்டனில் வெஸ்ட்லேண்ட் என்று உரிமம் வாங்கியும் செய்தார்கள், எல்லாம் சேர்த்து 5,600-க்கு மேல். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1984-ல் ஒரு பெல் 47டி1-ஐ வாங்கிக் கூரையிலிருந்து தொங்கவிட்டது. ஆக ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் சமமாக மதிக்கத்தக்க பொருள் என்று பெரிய இடத்திலேயே முடிவாகிவிட்டது, அதில் விவாதம் வேண்டாம்.

சரி, இவர்கள் என்னதான் தேடுகிறார்கள்? காரின் சேஸிஸ் நம்பர் மாதிரி ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் தொழிற்சாலை கொடுத்த ஒரு எண் உண்டு, அது சாகும்வரை மாறாது. வாலில் எழுதியிருக்கும் பதிவெழுத்து வேறு, நாடு மாறினால் அதுவும் மாறும். அமெரிக்காவில் 'என்', பிரிட்டனில் 'ஜி', நம் நாட்டுக்கு வந்தால் 'வி.டி.'. ஒரே ஹெலிகாப்டர் மூன்று நாடுகளில் மூன்று பெயரில் வாழ்ந்திருக்கும், நடுவில் ஒருமுறை விழுந்து எழுந்திருக்கும், நிறம் மாறியிருக்கும், கைமாறியிருக்கும். எல்லாவற்றையும் அந்த ஒரு எண்ணில் கோத்து, முதல் முதலாளி யார், அடுத்தவர் யார், எந்த வருடம் எங்கே போனது என்று வரிசைப்படுத்துவதுதான் வேலை. பிரிட்டனின் விமானத்துறை 1919 முதலான பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் சின்னக் கட்டணம் கட்டினால் ஒரு விமானத்தின் உரிமைக் கோப்பை முழுதாகவே கொடுத்துவிடுகிறார்கள், விற்ற பத்திரம், கடன் பத்திரம் எல்லாம் சேர்த்து. நம் சிவில் விமானத்துறையும் பழைய பதிவேடுகளை இப்படித் திறந்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதில் மறைக்க ஒன்றுமில்லை, பறந்ததெல்லாம் நம் தலைக்கு மேலேதான்.

விமானத்தைவிட ஹெலிகாப்டரைத் துரத்துவது கஷ்டம். ஏனென்றால் ஹெலிகாப்டரில் முக்கியமான உறுப்புகளுக்கு ஆயுள் குறித்திருக்கும். மேல் சுழலும் இறக்கை இத்தனை மணி நேரம் பறந்தால் கழற்று, இந்தத் தண்டு இத்தனை மணிக்கு மேல் ஓடக் கூடாது என்று விதி. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி அட்டை, தனிக் கணக்கு. முப்பது வருடம் உழைத்த ஹெலிகாப்டரில் பிறந்தபோது இருந்த பாகம் எது என்று தேடினால், உடம்போடு ரிவெட் அடித்த அந்தச் சின்னப் பெயர்த்தகடும் கொஞ்சம் கம்பிக்கூடும்தான் மிஞ்சும். விழுந்து நொறுங்கிய ஒன்றின் தகட்டைக் கழற்றி வேறு உடம்பில் ஒட்டி ஓட்டிய கதைகளும் உண்டு. அதனால்தான் லாக் புத்தகம் இவர்களுக்கு வேதம். எந்தத் தேதி, எங்கே, எத்தனை மணி நேரம், என்ன பழுது, எல்லாம் அதில் இருக்கும்.

எங்கே பறந்தது என்று எழுதி வைக்கிற இந்த லாக் புத்தகத்தில் எங்கள் தோட்டத்துப் பக்கமும் இருக்கும் என்ற நினைப்புதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. எங்கள் ஊர் குளத்துப்புழை, கொல்லம் மாவட்டம், மலையிறங்கினால் செங்கோட்டை. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட குடும்பம் எங்களுடையது. 1976-ல் அப்படி வந்தவர்களுக்காகவே மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து புனலூரில் ரப்பர் தோட்ட நிறுவனம் தொடங்கியதால் இங்கே வந்து சேர்ந்தோம். அங்கே தேயிலை பறித்த கை இங்கே பால் வெட்டப் பழகியது. ரப்பரில் மழைக்காலம் வந்தால் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை பிடித்து இலை எல்லாம் அகாலத்தில் கொட்டிவிடும், இலை போனால் பால் போச்சு. அதைத் தடுக்க ஆரம்பத்தில் துருசு என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, அப்புறம் எண்ணெயில் கலந்த காப்பர் ஆக்ஸிகுளோரைடு. பெரிய தோட்டங்களில் அதைத் தெளிக்க மழைக்கு முன்பு ஹெலிகாப்டர் வரும்.

பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்கு வந்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள், கிணற்றுக்குத் தகரம் போட்டு மூடுவார்கள். மேட்டு நிலத்தைச் செதுக்கிச் சமமாக்கிய இடத்தில் அது இறங்கும், இறங்கினாலும் விசிறி நிற்காது. என் பெரியப்பா முறை வேண்டிய ஒருவர் அந்தக் களத்தில் டிரம் உருட்டி, கலவையைக் கலக்கி, குழாய் மாட்டி நிரப்புகிற கூட்டத்தில் இருந்தார். தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டிருக்கக் குனிந்தபடியே ஓடிப் போய் நிரப்பிவிட்டுக் குனிந்தபடியே திரும்ப வேண்டும், ஒரு நாளில் எத்தனையோ தடவை. முகத்தில் கட்டிய துண்டு சாயங்காலம் பச்சையாக இருக்கும். "துண்டைத் துவைச்சா தண்ணி பச்சையாப் போகும்டா, ரெண்டு மூணு அலசலுக்கு அப்புறமும்" என்பார். கூலி கூட ஒன்றிரண்டு ரூபாய் என்பதற்காகப் போட்டி போட்டுப் போன வேலை அது.

அவரிடம் ஒரு போட்டோ இருந்தது. கறுப்பு வெள்ளை, ஓரம் செல்லரித்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் இந்த ஆராய்ச்சி எவ்வளவு நுட்பமானது என்று தெரியும். குமிழ்க் கண்ணாடி, சரி. வால் கம்பிக்கூடாக இருக்கிறது, அப்படியானால் ஹில்லர் என்ற இன்னொரு அமெரிக்க ஹெலிகாப்டர் இல்லை, ஹில்லருக்கு வால் மூடிய குழாய். பிரெஞ்சு அலுவெட் 2-க்கும் இதே குமிழும் கம்பிக்கூடும் உண்டே என்றால், அதற்கு முதுகில் ஜெட் மாதிரியான டர்பைன் எஞ்சின் படுத்திருக்கும். இதில் அது இல்லை. மாறாக முதுகின் இரண்டு பக்கமும் தலையணை போல ஒவ்வொரு பெட்ரோல் டேங்க். அந்த இரட்டை டேங்க் 47ஜி-யின் அடையாளம். ஆக பெல் 47ஜி குடும்பம். பதிவெழுத்தில் 'வி.டி.'-க்குப் பிறகு ஒரு எழுத்துதான் தெரிகிறது, மீதியை ஓர் ஆளின் தோள் மறைக்கிறது. அந்தத் தோள்தான் பெரியப்பா.

அந்தப் போட்டோவை இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவருக்கு அனுப்பினேன். அவர் முதலில் கேட்டது, "அந்த ஆள் கொஞ்சம் விலகி நிற்கிற வேறு படம் இருக்கிறதா" என்று. அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவருக்கு வேண்டியது எழுத்து. ஆனால் எனக்கு இந்த ஆராய்ச்சியின் மேல் இருக்கிற ஒரே மனத்தாங்கல் அந்தக் கேள்வியில் முழுசாக இருக்கிறது. முதலாளிகளின் வரிசை கிடைக்கும். பைலட்டின் பெயர் பெரும்பாலும் கிடைக்கும். 1972 ஜூன் 21 அன்று பிரெஞ்சு பைலட் ழான் பூலே ஒரு லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் போனார் என்பது இன்றுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும், அந்த லாமாவைத்தான் நம் அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். சீட்டா என்ற பெயரில் செய்தது. ஆனால் தரையில் நின்று அந்த இயந்திரத்துக்குத் தீனி போட்டவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. முதலாளியின் பெயருக்கு ஒரு பத்தி இருக்கிற பட்டியலில், அது இறங்கிய ஊருக்கும் அங்கே வேலை செய்தவருக்கும் ஒரு பத்தி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இது வெறும் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. காசர்கோட்டை நினைத்துப் பாருங்கள். கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். எங்கள் ரப்பரில் போட்ட செம்பு மருந்து வேறு, எண்டோசல்பான் வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது. அந்தத் தெளிப்பை நிறுத்தச் சொல்லி லீலாகுமாரியம்மா என்ற வேளாண்துறை ஊழியர் 1998-ல் நீதிமன்றத்துக்குப் போனார். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுக்கத் தடுத்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. இதற்கெல்லாம் நடுவில் எந்தத் தேதியில், எந்த மலைச்சரிவில், எத்தனை மணி நேரம் தெளித்தார்கள் என்ற கேள்வி வரத்தான் செய்யும். அதற்குப் பதில் எங்கே இருக்கும்? தோட்டத்துக் கணக்கில் இருக்கும், அது தொலைந்தால் அந்த ஹெலிகாப்டரின் லாக் புத்தகத்தில் இருக்கும். எந்த ஹெலிகாப்டர் என்று தெரிந்தால்தானே லாக் புத்தகத்தைத் தேட முடியும். "எவனிடம் இருந்தால் நமக்கென்ன" என்று கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் அரசின் ஹெலிகாப்டர் நிறுவனமான பவன் ஹன்ஸுக்காக பிரிட்டனிடமிருந்து 21 வெஸ்ட்லேண்ட் 30 ஹெலிகாப்டர்கள் வாங்கினோம், அந்த நாட்டு அரசு கொடுத்த 6.5 கோடி பவுண்டு உதவிப் பணத்தில். அந்த மாதிரியில் உலகத்திலேயே மொத்தம் சுமார் 40 தான் செய்தார்கள், அதில் பாதிக்கு மேல் நம்மிடம். விபத்தும் கோளாறுமாகி 1991-ல் எல்லாவற்றையும் தரையில் நிறுத்திவிட்டார்கள். அரசாங்கப் பணம், அந்நிய உதவி, உயிர்ப்பலி எல்லாம் கலந்த விவகாரம். 21-ல் ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று தனித்தனியாகப் பின்தொடர்வதை வேலையற்ற வேலை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆர்வலர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய முதலாளியின் பேரனையோ பைலட்டின் மனைவியையோ தேடிப் பிடிக்கும்போது நிதானம் வேண்டும். நமக்கு அது ஓர் எண்ணின் கடைசி வரி, அவர்கள் வீட்டில் அது ஒரு சாவாக இருக்கலாம். பதிவேட்டில் இருக்கிற பெயரை எழுதுங்கள், இன்றைய வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் போடாதீர்கள். கேட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கதவைச் சாத்தினால் திரும்பி வாருங்கள்.

கடைசியாக எங்கள் பக்கத்து ஆட்களுக்கு. ஒரு எஸ்டேட் ஆபீஸில் பழைய மஸ்டர் ரோலும் ஸ்டோர் லெட்ஜரும் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். எந்த நாள் எத்தனை டிரம் இறங்கியது, யார் யாருக்கு ஓவர்டைம் என்று எழுதின புத்தகங்கள் அவை. கேட்டபோது "இதெல்லாம் இனி எதுக்கு" என்றார்கள். அதேபோல ஒரு லயத்தில் துணிக்கொடிக்கு நட்டிருந்த அலுமினியக் குழாயைப் பார்த்தேன், ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் துளை, ஒன்றிரண்டில் பித்தளை முனை இன்னும் முறுக்கியபடியே. தெளிப்புக் குழாய்தான், சந்தேகமே இல்லை. ஒரு முனையில் எண் தட்டியிருந்தது, பாதி தேய்ந்துபோய். அந்த வீட்டு அக்கா கரித்துண்டும் பேப்பரும் கொடுத்தார்கள், எண்ணை அச்சு எடுத்து வைத்திருக்கிறேன்.

தென்மலை, ஆரியங்காவு, புனலூர், அந்தப் பக்கம் குலசேகரம், அருமனை வரைக்கும் ரப்பர் காட்டில் வாழ்ந்த குடும்பங்களில் இப்படிப் போட்டோவோ, கூலிச் சீட்டோ, பாகமோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். போட்டோவை முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள், பின்னால் எழுதியிருக்கும் தேதிதான் பல நேரம் முக்கியம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எந்த மாசம் வந்தது, என்ன நிறம், எங்கே இறங்கியது, கூட யார் யார் வேலை செய்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்கிற மாதிரியே போனில் பதிவு செய்யுங்கள். எனக்கு அனுப்பினால் ஹெலிகாப்டர் எது என்று கண்டுபிடிக்க முயல்கிறேன், வேலை செய்தவர்களின் பெயரையும் சேர்த்தே எழுதி வைப்பேன்.