சாரம் கட்டின பறவை

(மணப்பாடு. ஜனவரி மாதக் காலை. ஆறு கடலில் சேருகிற இடத்துச் சகதித் திட்டு. பாளையங்கோட்டையிலிருந்து வந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் பைனாகுலரும் தொப்பியுமாக நிற்கிறார். பக்கத்தில் மிக்கேல் வலை பொத்திக்கொண்டிருக்கிறார்.)

மிக்கேல்: என்ன சார், ஒரு மணி நேரமா சகதியையே பாக்கிய? மோதிரம் எதுவும் விழுந்துட்டா?

வாத்தியார்: சும்மா இரும்வே. நூறு பறவை நிக்கி, எல்லாம் ஒரே சாம்பக் கலரு. புஸ்தகத்துல பாரும், நெஞ்சு செங்கல் கலர்ல இருக்கு.

மிக்கேல்: (வாங்கிப் புரட்டுகிறார்) இது கல்யாண ஆல்பம்லா சார்! மாப்பிள்ளைக் கோலத்துல எடுத்த போட்டோவை வச்சுக்கிட்டு, சாரம் (லுங்கி) கட்டிப் பல்லு வெளக்குதவனைத் தேடுதிய.

வாத்தியார்: சரியாத்தான் சொல்லுதீரு. மத்திய ஆசியாவுலயும் சைபீரியாவுலயும் குஞ்சு பொரிக்கும்போதுதான் இந்தக் கலரு. அது முடிஞ்சா அந்த எறகு உதுந்துரும்.

மிக்கேல்: அப்ப, குலசை தசராவுக்கு நம்ம ஆளுவ வேசம் போடுத சமயத்துல இதுவ வேசத்தைக் கலைச்சிட்டு வருதுவ.

வாத்தியார்: அந்தா மிதக்கே, அது பழுப்புத்தலைக் கடற்காகம்.

மிக்கேல்: தலை வெள்ளையால்லா இருக்கு!

வாத்தியார்: கண்ணுக்குப் பின்னால ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், பாரும். குளிர்காலத்துல அவ்வளவுதான் மிச்சம். கெளம்புத நேரத்துல தலை பூரா பழுப்பாயிரும்.

மிக்கேல்: டை அடிச்சிக்கிட்டுதான் பொண்ணு பாக்கப் போவுதாக்கும்.

(வாத்தியார் தொப்பியைக் கீழே இழுத்துக்கொள்கிறார். அவர் தலை முழுக்கக் கறுப்பு. காதுக்குப் பின்னால் மட்டும் தூரிகைக்குத் தப்பிய ஒரு வெள்ளைப் பொட்டு. கடற்காகத்துக்கு நேர் தலைகீழ்.)

வாத்தியார்: கலரை விடும்வே. வேற எதை வச்சுக் கண்டுபிடிக்க?

மிக்கேல்: பொழைப்பை வச்சுத்தான். அந்தா ஓடுது பாருங்க. டக்குனு நிக்கி, ஒரு கொத்து, திரும்ப ஓட்டம். பக்கத்துல ஒரு பொடிசு தலையைத் தூக்காம தையல் மிஷினு மாதிரி குத்திக்கிட்டே போவுது.

வாத்தியார்: (அவசரமாக எழுதுகிறார்) ஓடி நிக்கது உப்புக்கொத்தி. பொடிசு கொசு உள்ளான். கனம் என்ன தெரியுமா? இருபத்தஞ்சு கிராம். ஆர்க்டிக் ஓரத்துல இருந்து வருது!

மிக்கேல்: ஒரு கை பொரிகடலை!

வாத்தியார்: இதுக்கே வாயைப் பொளக்கீரே. பட்டைவால் மூக்கன்னு ஒண்ணு. 2022-ல அமெரிக்காவோட அலாஸ்காவுல கெளம்பி ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியாவுலதான் எறங்கிச்சு. 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவுல எங்கயும் நிக்கல. அதுவும் பொறந்து அஞ்சு மாசக் குஞ்சு.

மிக்கேல்: எம்மவன் பிளஸ் டூ படிக்கான். திருச்செந்தூர் போக ஜன்னல் சீட்டு கேக்கான் சார்.

வாத்தியார்: ஏய், மேல பாரும்! கவட்டை வாலு, பின்னந்தலையில கொண்டை. ஆலா! அலகு மஞ்சளா இருந்தா பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சுன்னா சின்னது. வெயிலு கண்ணைக் கூசுது. உமக்கு என்ன கலரு தெரியுது?

(பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் வலை வள்ளத்தில் கிடக்கிறது; மிக்கேல் வள்ளத்துக்குத் தோள் கொடுத்து நிற்கிறார்.)

மிக்கேல்: கலரை நீங்க பொறவு பாருங்க. பத்து இருவது ஆலா ஒரே எடத்துல தலைகுப்புற விழுது, அங்கன சாளை கெடக்கு! வாங்க சார், ஒரு கை தள்ளுங்க!

(வாத்தியார் முழங்கால் தண்ணீரில். பைனாகுலர் முதுகில் தொங்குகிறது. தொப்பியை அலை கொண்டுபோகிறது.)

வாத்தியார்: (தள்ளிக்கொண்டே) மஞ்சளுதான்வே... மஞ்சளு மாதிரிதான் தெரிஞ்சுது...