சோறு போடாத பிள்ளையும் தான செட்டில்மெண்ட்டும்

பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சேலம் கலெக்டர் ஆபீசில் மனுவோடு நிற்கும் பெரியவர்களே, அந்த மனு சுற்றிவிட்டுக் கடைசியில் போய்ச் சேருவது ஆர்.டி.ஓ.விடம்தான் (லைசென்ஸ் எடுக்கிற ஆபீஸ் இல்லை, வருவாய் கோட்டாட்சியர்). 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயம் அவர். கலெக்டர் மேல்முறையீட்டுக்கு. நேரே ஆர்.டி.ஓ.விடமே கொடுங்கள். ஏற்காட்டுக்காரர்களுக்குச் சேலம் கோட்டம்; மகன் பெங்களூரில் இருந்தாலும் மனு இங்கேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை.

மனுவில் நடக்கிற பெரிய தப்பு, மகன் பேரை மட்டும் எழுதுவது. சட்டத்துக்கு மகளும் பிள்ளைதான். நோட்டீஸ் கைக்கு வந்ததும் "தங்கச்சியையும் சேருங்க" என்பார் மகன், வாய்தா தள்ளிப்போகும். எல்லார் பேரும் முகவரியும் வேலையும் முதலிலேயே இருக்கட்டும். இடைக்கால ஜீவனாம்சம் (விசாரணை முடியும்வரை மாதச் செலவுக்குப் பணம்) வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். விசாரணைக்குக் கெடு 90 நாள், மேலே 30 நாள் நீட்டலாம். அதுவரை பசி காத்திருக்குமா?

கிடைப்பது மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். 2007ல் எழுதிய உச்சவரம்பு இன்னும் அப்படியே கிடக்கிறது, வெட்கக்கேடு. அதையும் பேங்க் கணக்கில் வாங்குங்கள். கையில் வாங்கினால் கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் சாட்சி இல்லை. பணம் நின்றால், அது சேர வேண்டிய தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். "அடுத்த மாசம் தருவான்" என்று பொறுத்தால் பழைய பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்க முடியாது.

என்னைக் கேட்டால், பிள்ளைகள் நிஜமாகவே பயப்படுவது இதே சட்டத்தின் 23ஆம் பிரிவுக்குத்தான். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்யலாம். ஆனால் நம்மூர் தான செட்டில்மெண்ட்டில் (பிள்ளைக்குச் சொத்தை இனாமாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்) என்ன இருக்கிறது? "அன்பினாலும் பிரியத்தினாலும்", "சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது". சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்டச் சொன்னது. 2025 ஜனவரியில் பெரியவர்கள் பக்கம் தாராளமாகப் பார்த்து ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அதிலும் மகன் பார்த்துக்கொள்வதாக எழுத்தில் இருந்தது.

கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தின் டிராஃப்ட்டை வாங்கி, பக்கத்தில் ஒருவரை வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "ஆயுள் வரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் செய்து தர வேண்டும், தவறினால் இந்த செட்டில்மெண்ட் செல்லாது" என்ற வரி காதில் விழ வேண்டும். "அதெல்லாம் வழக்கமா போடறதில்லைங்க" என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னால், அந்தப் பக்கத்தைத் திரும்ப டைப் அடிக்கச் சொல்லுங்கள்.