டி ப்ளஸ்னா மோசமான மார்க் இல்லைங்க

போன செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கு நடந்த ஒரு விஷயம் இன்னும் மனசை விட்டுப் போகல, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் இருக்கும். கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல நானும் வீட்டுக்காரரும் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கோம். ரிசல்ட் அன்னிக்கு போன்ல சைட் சுத்திக்கிட்டே நிக்கும், ஓபன் ஆகாது, அதனால பசங்க எல்லாம் கடைக்குதான் வருவாங்க. தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு அண்ணன் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தாரு, கடலுக்குப் போறவரு, அவங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு அந்தப் பொண்ணுதான். பிரிண்ட் எடுத்து கையில கொடுத்தேன். விரல் வச்சு ஒவ்வொரு வரியா பார்த்தாரு, மூஞ்சி சுருங்கிப் போச்சு. "இன்னா பாப்பா இது, ஏ பி சி எல்லாம் தாண்டி டிக்குப் போயிட்ட"ன்னாரு. அந்தப் பொண்ணுக்கே அது என்னன்னு சொல்லத் தெரியல, கண்ணுல தண்ணி.

அது டி ப்ளஸ். 80ல இருந்து 89 வரைக்கும் எடுத்தா கொடுக்குற கிரேடு! சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரி நம்ம ஊர் கலை அறிவியல் படிப்புல பல இடத்துல முறை இதுதான்: 90க்கு மேல ஓ, 80க்கு மேல டி ப்ளஸ், 75ல இருந்து 79 டி, 70ல இருந்து 74 ஏ ப்ளஸ், 60க்கு மேல ஏ, 50க்கு மேல பி, 40க்கு மேல சி, அதுக்குக் கீழ யு, யுன்னா திரும்ப எழுதணும். அதாவது ஏ ப்ளஸ்ஸை விட டி ப்ளஸ் பெருசு. டின்னா டிஸ்டிங்ஷன்னு வச்சிருக்காங்க. சொல்லிக் கொடுத்தா அஞ்சு நிமிஷ விஷயம், சொல்லலேன்னா ஒரு அப்பா நல்லா படிச்ச பொண்ணை நடுக்கடையில வச்சு திட்டுறாரு. நான் சொன்னதும் அவரு அந்தப் பேப்பரை திரும்ப வாங்கி ரெண்டா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு, ஒண்ணும் பேசல, பொண்ணு தலையில ஒரு கை வச்சாரு.

இதுல இன்னொண்ணு, பாண்டிச்சேரி எல்லையில இருக்குற முள்ளோடை தாண்டிட்டா எழுத்தோட அர்த்தமே மாறிடுது. பாண்டிச்சேரி பக்கம் படிக்கிற பசங்க கொண்டு வர்ற ஷீட்ல பெரும்பாலும் யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2015ல சொன்ன முறைதான் இருக்கு: ஓவுக்கு 10 பாயிண்ட், ஏ ப்ளஸ் 9, ஏ 8, பி ப்ளஸ் 7, பி 6, சி 5, பி 4, எஃப் பூஜ்யம். கடைசி பி பாஸ்ங்கிறதுக்கு உள்ள பி, அதுக்கு ரெண்டு படி மேல இருக்குறது இன்னொரு பி, தமிழ்ல சொன்னா ரெண்டும் ஒண்ணாதான் காதுல விழும். இந்த முறையில டியே கிடையாது. ஒரே தெருவுல ஒரு பொண்ணு இங்க ஏ வாங்கியிருப்பா, எதிர் வீட்டுப் பையன் அங்க ஏ வாங்கியிருப்பான், ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா வீட்டுல ஒண்ணா வச்சுதான் பேசுறாங்க.

அப்புறம் கிரெடிட், அதாவது ஒவ்வொரு பேப்பருக்கும் உள்ள வெயிட். எல்லா பேப்பரையும் கூட்டி எண்ணிக்கையால வகுத்துப் பார்த்துட்டு "மேடம் தப்பா போட்டுட்டாங்க"ன்னு பசங்க வருவாங்க. தப்பு இல்லடா கண்ணா. 4 கிரெடிட் பேப்பர்ல 60, 2 கிரெடிட் பேப்பர்ல 90 எடுத்தா சராசரி 75 கிடையாது, 70தான், ஏன்னா பெரிய பேப்பருக்கு வெயிட் ரெண்டு மடங்கு. சின்ன பேப்பருக்கு ராத்திரி பூரா முழிச்சுப் படிச்சுட்டு மெயின் பேப்பரை விட்டுடுற பசங்களைப் பார்த்தா வயிறு எரியுது. இதுக்கு மேல, நம்ம பக்கம் பல யுனிவர்சிட்டில ஃபர்ஸ்ட் கிளாஸா செகண்ட் கிளாஸான்னு பார்ட் 3ஐ வச்சுதான் முடிவு பண்றாங்க, அதாவது மெயினும், அதுக்குத் துணைப் பாடமான அலைடும். தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் 90 எடுத்திருந்தாலும் கிளாஸுக்கு உதவாது. இதை மூணாவது வருஷம் ஆறாவது செமஸ்டர்ல தெரிஞ்சுக்கிட்டு என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

காலேஜ்லயே போடுற இன்டர்னல்ல 25க்கு 24 வாங்கி, செமஸ்டர் பரீட்சையான எக்ஸ்டர்னல்ல 75க்கு 28 வாங்குன பையன் ஒருத்தன் வந்தான், மொத்தம் 52, ஆனா யு. எக்ஸ்டர்னல்ல மட்டும் தனியா 30 வேணும். அவனுக்கு அரியர்னு எப்படி நம்ப முடியும்.

இதையெல்லாம் விட பெரிய வினை பெர்சன்டேஜ் கன்வெர்ஷன்லதான் வருது. வேலைக்கு ஆன்லைன்ல அப்ளை பண்றப்போ சதவீதம் கேட்கும், பசங்க சிஜிபிஏவை, அதாவது 10க்கு இவ்ளோன்னு வர்ற சராசரி கிரேடு பாயிண்டை, கண்ணை மூடிட்டு 9.5ஆல பெருக்குறாங்க. அது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு வச்சிருந்த கணக்கு, டிகிரிக்கு இல்ல. சில யுனிவர்சிட்டி 10ஆல பெருக்கச் சொல்லும், டெக்னிக்கல் படிப்புகளைப் பார்த்துக்குற ஏஐசிடிஇ சொன்ன முறையில முதல்ல 0.75 கழிச்சுட்டு 10ஆல பெருக்கணும். 6.5 வச்சிருக்குற பையனுக்கு 10ஆல பெருக்குனா 65, 9.5ஆல பெருக்குனா 61.75, ஏஐசிடிஇ கணக்குல 57.5. கம்பெனி 60 கேட்டா அவன் உள்ளயா வெளியயா? உங்க யுனிவர்சிட்டி எதைச் சொல்லுதோ அதைத்தான் போடணும், சில யுனிவர்சிட்டில மார்க் ஷீட் பின்பக்கமே அச்சடிச்சிருக்கும், இல்லேன்னா பரீட்சை கன்ட்ரோலர் ஆபீஸ்ல லெட்டர் வாங்கிக்கணும், சர்டிபிகேட் வெரிஃபிகேஷன்ல அது கையில இருக்கணும்.

எங்க வீட்டுலயே ஆச்சு. அக்கா பொண்ணு எம்.எஸ்சில 54.7. காலேஜ்ல பாடம் எடுக்குற வேலைக்கான நெட் பரீட்சை எழுத 55 சதவீதம் வேணும், ரவுண்ட் பண்ண மாட்டாங்க, 54.7 அவ்ளோதான். ஒரு வருஷம் முடங்கிக் கிடந்தா. அப்புறம்தான் யாரோ சொல்லித் தெரிஞ்சுது, ஓபிசி நான் கிரீமிலேயர் (பிற்படுத்தப்பட்ட வகுப்புல வசதி குறைஞ்சவங்கன்னு கொடுக்குற) சர்டிபிகேட் இருந்தா 50 போதும்னு. அவ படிச்ச காலேஜ்ல ஒருத்தர் கூட வாயைத் திறக்கல. அந்த ஒரு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பாங்க.

வெளிநாட்டுக் கணக்கு வேற. ஜெர்மனில 1தான் பெஸ்ட், 4 வந்தா ஜஸ்ட் பாஸ், நம்ம 10க்கு 7.6ஐ, பாஸ் 5ன்னு வச்சு மாத்துனா 2.44 வரும், அதைப் பார்த்து பயந்து அப்ளை பண்ணாம விட்ட பையன் இருக்கான். இங்கிலாந்துல 70 எடுத்தாலே ஃபர்ஸ்ட் கிளாஸ்.

என்னோட கருத்து ஒண்ணுதான். முதல் வருஷம் சேரும்போது ஃபீஸ் கட்ட மட்டும் அப்பா அம்மாவைக் கூப்பிடாதீங்க. ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வச்சு, ஒரு மாடல் மார்க் ஷீட்டைக் கையில கொடுத்து, இது கிரெடிட், இது கிரேடு, இது வந்தா அரியர், இதை வச்சுதான் கிளாஸ்னு தமிழ்ல சொல்லுங்க. வலைப்பின்னி, மூட்டை தூக்கி, வீட்டு வேலை செஞ்சு படிக்க வைக்கிறவங்களுக்கு அந்தப் பேப்பரைப் படிச்சுப் பார்க்குற உரிமை இருக்கு.

காலேஜ் செய்யுற வரைக்கும் நான் செய்யுறேன். ரெண்டு முறையோட கிரேடு டேபிளையும் தமிழ்ல டைப் பண்ணி வச்சிருக்கேன், ஏ3 சைஸ்ல எடுத்து கடை வாசல்ல ஒட்டப் போறேன். ரிசல்ட் அன்னிக்கு ஷீட்டைக் கொண்டு வாங்க, உட்கார்ந்து பார்த்துச் சொல்றேன், அதுக்குக் காசு வேணாம். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க.